கால் நூற்றாண்டு கருத்துக் கேட்ட பேராயர்: வெள்ளாளன்விளை அசரியா

நம்மவர்கள் நடத்தும் எந்த அமைப்பை எடுத்துக்கொண்டாலும், அது ஆலயமாக இருக்கட்டும், தேவாலயமாக இருக்கட்டும், தோட்டத்துச் சங்கமாக இருக்கட்டும், சட்டவிதியைத் திருத்தப் போகிறோம் என்றதும் சலசலப்பு எழும். தலைவருக்கு எவ்வளவு அதிகாரம்? உறுப்பினருக்கு எவ்வளவு? செயலவை முடிவெடுத்தால் போதுமா, பொதுக்கூட்டத்தில் எல்லாரையும் கேட்க வேண்டுமா? இந்தக் கேள்விகளால் பிளந்துபோன அமைப்புகள் நம்மிடையே உண்டு.

இதே கேள்விகளை ஒரு சங்கத்தின் முன் அல்ல, தென்னிந்தியாவின் பல திருச்சபைகளின் முன் வைத்து, பதிலுக்காகக் கால் நூற்றாண்டு பொறுமையோடு உழைத்த தமிழர் ஒருவர் இருந்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயர் ஆன முதல் இந்தியர் அவர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பனங்காட்டுச் சிற்றூரில் பிறந்தவர்

அசரியா 1874 ஆகஸ்ட் 17-ஆம் தேதி திருச்செந்தூர் வட்டாரத்தில் உள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். இளமையிலேயே தந்தையை இழந்த மகனை, தாய் எல்லன் கண்டிப்போடும் பக்தியோடும் வளர்த்தார்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார் அசரியா. கணிதம் அவருக்குப் பிடித்த பாடம். தேர்வு நேரத்தில் நோய்வாய்ப்பட்டதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். பட்டம் இல்லாத அந்த இளைஞருக்குப் பின்னாளில், 1920-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

1895-இல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் சுற்றினார். 1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். கணவர் ஊர் ஊராகச் சென்ற காலமெல்லாம் குடும்பத்தையும், பின்னர் தொர்னக்கல்லில் பெண்களுக்கான பணிகளையும் தாங்கியவர் அன்பு மரியம்மாள்.

யாழ்ப்பாணத்தில் கண்ட காட்சி

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் உள்ள தமிழ் மக்களிடையே ஊழியம் செய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் பணமும் இல்லை, உத்தரவும் இல்லை. நம் மக்களே கூடிப் பேசி, முடிவு செய்து, செலவையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இது அசரியாவின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெரிய முடிவுகள் எல்லாம் மிஷனரிகளின் கையில் இருந்தன. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பது அதன் அடிப்படை. 1905 டிசம்பர் 25-ஆம் தேதி, வங்காளத்தில் உள்ள சேராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரி சங்கமும் தோன்றியது. இரண்டிலும் அசரியாவின் உழைப்பு பெரிது.

திருநெல்வேலிச் சங்கம் தன் முதல் களமாகத் தேர்ந்தெடுத்தது, நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் தொர்னக்கல் பகுதியை. இன்று அது தெலுங்கானா மாநிலத்தில் உள்ளது. 1909-இல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு, குருவாக அபிஷேகம் பெற்று, தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

எடின்பரோவில் பேசிய உண்மை

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் அசரியா.

மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிப் பேச அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மேல்நாட்டார் செய்த தியாகங்களுக்கு நன்றி சொன்னார். ஆனால் இந்தியரை அவர்கள் கூலிக்கு வேலை செய்பவராகவே நடத்துகிறார்கள் என்றும், உடன் உட்கார்ந்து உண்ணும் நண்பராக ஏற்பதில்லை என்றும் மறைக்காமல் எடுத்துரைத்தார். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் மனம் வருந்தினார்கள். பிற்காலத்தில் அந்த மாநாட்டை நினைவுகூர்ந்தவர்கள் பலர் இந்த உரையைத்தான் முதலில் சொன்னார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அவர் பெயர் பேராயர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் அவருக்குத் துணை நின்றார். இந்தியர் ஒருவரின் கீழ் ஐரோப்பியர் வேலை செய்வதா என்று மிஷனரிகள் சிலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பைத் தாண்டி, 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவின் செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். அப்போது வயது 38. முதலில் அவருக்குத் தரப்பட்ட தொர்னக்கல் திருமண்டலம் மிகச் சிறியது. 1920-இல்தான் சுற்றியிருந்த தெலுங்குப் பகுதிகள் அதனுடன் சேர்க்கப்பட்டன. அதன்பின் ஐரோப்பிய மிஷனரிகளும் அவருக்குக் கீழே பணியாற்றினார்கள்.

கேட்கப்படாத மக்கள்

தொர்னக்கல் கிராமங்களில் திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நிலம் இல்லாத கூலிகள். ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது. எந்த விஷயத்திலும் அவர்கள் கருத்தை யாரும் கேட்டதில்லை. தோட்டத்து வாழ்க்கையை அறிந்த நம் மூத்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

இந்த மக்களைப் பிறர் தயவில் வாழ்கிறவர்களாக வைத்திருக்க அசரியா விரும்பவில்லை. அவர்கள் தங்கள் சபையைத் தாங்களே தாங்க வேண்டும் என்று சொன்னார். காசு இல்லாதவர்கள் தானியம் கொடுத்தார்கள், கோழி கொடுத்தார்கள். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும் திருநெல்வேலிப் பெண்களின் வழக்கத்தை அவர் உயர்வாக மதித்தார். கொடுக்கிறவனுக்குக் கணக்குக் கேட்கும் துணிச்சல் வரும். கணக்குக் கேட்கிறவன் நாளடைவில் முடிவெடுக்கவும் கற்றுக்கொள்வான். இந்த வழியில் கிராமச் சபைகளில் உள்ளூர்த் தலைவர்கள் உருவானார்கள்.

1930-களின் நடுப்பகுதியில் தொர்னக்கல்லில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமார்களும் 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். தொர்னக்கல் பேராலயம் 1939 ஜனவரியில் திறக்கப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களையும் பள்ளிவாசல் கோபுரங்களையும் நினைவூட்டும் அமைப்பு அதற்கு. கிறிஸ்தவம் இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை என்று காட்டும் எண்ணத்தோடு கட்டப்பட்டது அது.

எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. கிராமத்து ஏழைகள் பெருந்திரளாக மதம் மாறுவது குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கடும் கருத்து வேறுபாடு இருந்தது.

எல்லைக்கோடு போட்டவர்கள் யார்?

அந்நாளில் தென்னிந்தியாவை மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்கன் மிஷன். திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். பிறந்த ஊர் எதுவோ அதற்கேற்ப ஒருவர் ஆங்கிலிக்கனாகவோ மெதடிஸ்டாகவோ ஆனார். இந்தப் பிரிவுகள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எழுந்த பழைய சண்டைகளின் விளைவு. நம் மக்களுக்கு அந்தச் சண்டைகளில் பங்கே இல்லை. ஆனாலும் திருநெல்வேலியான் வேலை தேடி மதுரைக்குப் போனால், அங்குள்ள சபையின் திருவிருந்தில் பங்குகொள்வது சிக்கலானது. அதே பிரிவுப் பெயர்களைச் சுமந்துகொண்டுதான் நம் முன்னோரில் பலர் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள்.

1908-இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாக ஆகியிருந்தன. அதற்கு மேல் போக முடியுமா என்று பேசுவதற்காக 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் பக்கத்தில் அசரியாவும், ஐக்கிய சபையின் பக்கத்தில் வி. சந்தியாகுவும் முன்னின்றார்கள். 1706-இல் முதல் புரொட்டஸ்டன்ட் மிஷனரிகள் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடியில், இந்தியர்களே தங்கள் திருச்சபையின் எதிர்காலத்தைப் பற்றி அறிக்கை எழுதினார்கள்.

மூன்று முறையும் வேண்டும்

அந்த அறிக்கையின் சாரம் ஆட்சிமுறை பற்றியது. திருச்சபைகளில் மூன்று வகை நிர்வாகம் இருந்தது. காங்கிரிகேஷனல் முறையில் உள்ளூர்ச் சபையார் கூடி முடிவெடுப்பார்கள். பிரஸ்பிட்டேரியன் முறையில் போதகர்களும் மூப்பர்களும் அடங்கிய மன்றம் முடிவெடுக்கும். ஆங்கிலிக்கன் முறையில் பேராயர் தலைமை தாங்குவார்.

இவற்றில் ஒன்று வென்று மற்றவை தோற்க வேண்டும் என்பதில்லை என்றார்கள் தரங்கம்பாடியில் கூடியவர்கள். உறுப்பினரின் குரல், மூப்பர் மன்றத்தின் ஆலோசனை, பேராயரின் மேய்ப்புப் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒரே திருச்சபையில் இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த வழி. பேராயர் இருப்பார், ஆனால் சட்டவிதிக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார்.

சொல்வது எளிதாக இருந்தது. 33 பேர் இரண்டு நாளில் எழுதியதை லட்சக்கணக்கானோர் ஏற்க வேண்டுமே! 1920-இல் கூட்டுக்குழு ஒன்று பேச்சைத் தொடங்கியது. 1925-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். 1929-இல் இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவு அச்சானது. வரைவு அந்தந்த சபைகளின் மன்றங்களுக்குப் போனது. அங்கிருந்து கருத்துகளும் எதிர்ப்புகளும் திரும்பி வந்தன. குழு மீண்டும் உட்கார்ந்து திருத்தியது. திருத்தியது மறுபடி சபைகளுக்குப் போனது. இப்படியே ஆண்டுகள் ஓடின.

ஒவ்வொருவருக்கும் ஒரு பயம்

ஐக்கிய சபையாருக்கும் மெதடிஸ்டுகளுக்கும் பயம், பேராயர் என்று ஒருவரை ஏற்றால் அவர் ஜமீன்தார் போல் ஆகிவிடுவார் என்பது. ஆங்கிலிக்கன்களில் பலருக்குப் பயம், பேராயரின் கையால் அபிஷேகம் பெறாத போதகர்களை ஏற்றால் பழைய மரபு அறுந்துவிடும் என்பது. அந்தப் போதகர்களோ, எங்களுக்கு மறு அபிஷேகம் என்றால் இத்தனை காலம் நாங்கள் செய்த ஊழியம் செல்லாது என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள். எல்லாப் பயங்களிலும் நியாயம் இருந்தது.

முடிவில் கண்ட வழி இதுதான். இணையும் நாளில் பணியில் இருக்கும் போதகர் எவருக்கும் மறு அபிஷேகம் கிடையாது. அவர்கள் இருக்கிறபடியே ஏற்கப்படுவார்கள். அதன்பின் புதிதாக வருகிறவர்களைப் பேராயர்களே அபிஷேகம் செய்வார்கள். 30 ஆண்டுகள் கழித்து நிலைமையை மறுபடி சீர்தூக்கிப் பார்ப்பார்கள். இதற்கிடையில், மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத போதகரை எந்தச் சபையின் மீதும் திணிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சிறுபான்மையாக நிற்கப் போகும் சபைக்கும் இதனால் ஒரு பாதுகாப்புக் கிடைத்தது.

அசரியா 1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த உலக மாநாட்டுக்குப் போனார். மேல்நாட்டாருக்கு ஒற்றுமை என்பது விரும்பத்தக்க ஒன்றாக இருக்கலாம், இந்தியத் திருச்சபைக்கோ அது உயிர்ப் பிரச்சினை என்று வாதாடினார். 1930-இல் இங்கிலாந்தில் கூடிய லாம்பெத் மாநாட்டில் உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் ஆதரவு திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால் பேராயர்களின் ஆதரவோடு காரியம் முடிந்துவிடவில்லை. திருமண்டல மன்றங்களும் சபை மன்றங்களும் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கெடுப்புகள்தான் நீண்டுகொண்டே போயின. எதிர்ப்புக் குரல் எழுந்த இடத்தில் பேச்சு நின்றது; தொடர்ந்தது; மறுபடி நின்றது.

பார்க்காமலே போனவர்

1943 ஜனவரியில் மெதடிஸ்ட் மன்றம் திட்டத்தை ஏற்றது. அடுத்து ஆங்கிலிக்கன் பொது மன்றம் வாக்களிக்க வேண்டும். அதற்கான கூட்டம் 1945 ஜனவரியில் கூடவிருந்தது. அந்த மாதம் முதல் தேதியே, தொர்னக்கல்லில், 70 வயதில் அசரியா காலமானார்.

சில வாரங்களில் மன்றம் கூடி, கடும் வாதங்களுக்குப் பின் திட்டத்துக்கு இசைவு தந்தது. 1946 செப்டம்பரில் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒப்புக்கொண்டது. இந்தியா விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கழித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் உறுப்பினர்கள், 14 திருமண்டலங்கள். பேராயர் முறையை ஏற்ற சபைகளும் ஏற்காத சபைகளும் இப்படி ஒன்றானது உலகில் அதுவே முதல்முறை.

யாழ்ப்பாணமும் அந்த 14-இல் ஒன்றானது. அதன் முதல் பேராயராக சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார். 1902-இல் அசரியாவின் கண்ணைத் திறந்த யாழ்ப்பாணத் தமிழ்ச் சபை, அவர் பாடுபட்ட திருச்சபையில் இப்படி இடம்பெற்றது.

சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள்

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. அசரியாவின் சொந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்த நந்தியால் பகுதியில், ஆங்கிலிக்கன் குருமாரும் மக்களுமாகப் பலர் புதிய திருச்சபையில் சேர மறுத்தார்கள். பல ஆண்டுகள் வெளியிலேயே நின்றார்கள். இங்கிலாந்தில் இருந்த பழைய மிஷன் சங்கமும், இணைந்தவர்களுக்குத் தன் நிதியைத் தர முன்வரவில்லை. கால் நூற்றாண்டு பேசியும் எல்லாரையும் இணங்கவைக்க முடியவில்லை.

கருத்துக் கேட்பதற்கு உண்மையான பொருள் இருக்குமானால், மாட்டேன் என்ற பதிலுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். நந்தியால் மக்களை யாரும் வலுக்கட்டாயமாகச் சேர்க்கவில்லை. அவர்களுக்காகக் கதவு திறந்தே இருந்தது.

உருவான அமைப்பைப் பார்த்தால் அந்த நீண்ட பேச்சின் பலன் தெரியும். சி.எஸ்.ஐ.யின் சேகரக் குழுவில் சபையார் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். திருமண்டல மன்றத்திலும் அதற்கு மேல் உள்ள சினாட்டிலும் குருமாரோடு சாதாரண உறுப்பினர்களும் சேர்ந்து உட்கார்கிறார்கள். புதிய பேராயர் தேவைப்படும்போது, திருமண்டல மன்றம் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்ப, அவற்றிலிருந்தே ஒருவர் நியமிக்கப்படுகிறார். அசரியாவைப் பேராயராக்கியபோது கிராமத்துச் சபையாரை அப்படி யாரும் கேட்கவில்லை. தமக்குக் கிடைக்காத முறையைத் தமக்குப் பின் வருகிறவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுக்கப் பாடுபட்டவர்களில் அவர் ஒருவர்.

பிற்காலத்தில் அந்தத் திருச்சபையிலும் தேர்தல் சண்டைகள் வந்தன, நீதிமன்ற வழக்குகள் வந்தன. நல்ல சட்டவிதி இருந்துவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவதில்லை. ஆனால் எது முறை, எது முறைகேடு என்று உறுப்பினர் எழுந்து கேட்பதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அந்தப் பிடிமானம் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் கருத்துச் சொல்லி, வாக்களித்து உண்டாக்கியது.

ஒரே மாலையில் சட்டவிதியைத் திருத்தி, கைதூக்கச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுக் கலையும் கூட்டங்கள் நமக்குப் பழக்கமானவை. அடுத்த முறை உங்கள் ஆலயத்திலோ சங்கத்திலோ திருத்தம் ஒன்று முன்வைக்கப்பட்டால், அதன் வரைவு உறுப்பினர் கைக்கு முன்கூட்டியே வந்ததா, எதிர்த்துப் பேசியவருக்குப் பதில் கிடைத்ததா, சிறுபான்மையாக நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயரும் அவரோடு உழைத்தவர்களும் 25 ஆண்டுகள் பதில் தேடியது இந்த மூன்று கேள்விகளுக்குத்தான்.